பழைய காரின் பின்சீட் ஆர்ம்ரெஸ்ட் உடைந்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் சிஓஇ (கார் வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழ்) புதுப்பித்துப் பத்து வருடத்தைத் தாண்டி ஓடும் கார்களில் எஞ்சின் நன்றாக இருக்கும், ஏர்கானும் ஜில்லென்று இருக்கும். பின்சீட்டின் நடுவே மடங்கி இறங்கும் ஆர்ம்ரெஸ்ட் மட்டும் ஒரு பக்கம் சரிந்து தொங்கும். அதைப் பற்றித் திரும்பத் திரும்பக் காதில் விழும் சந்தேகங்களை, கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். அளவுகள் பெரும்பாலும் ஜப்பானிய, கொரிய கார்களுக்கானவை. ஐரோப்பிய கார்கள் வேறுபடும் இடத்தில் சொல்லியிருக்கிறோம்.

1. ஆர்ம்ரெஸ்ட்டை இறக்கினா அந்தரத்துல நிக்காம சீட்டு மேலேயே போய்ப் படுத்துக்குது. என்ன உடைஞ்சிருக்கும்?

சில கார்களில் அது குஷன் மேல் படுப்பதுதான் சரியான நிலை. முன்பு கொஞ்சம் உயரத்தில் நின்றது, இப்போது நிற்கவில்லை என்றால்தான் கோளாறு.

உள்ளே பெரிய சூட்சுமம் எதுவும் கிடையாது. இரும்பிலோ பிளாஸ்டிக்கிலோ ஒரு சட்டம், அதைச் சுற்றி ஸ்பாஞ்ச், அதற்கு மேல் துணி, ரெக்சின் அல்லது தோல். சட்டத்தின் பின்முனையில் இரண்டு பக்கமும் ஒரு பின் அல்லது போல்ட் இருக்கும். ஆர்ம்ரெஸ்ட் மடங்குவது அதில்தான். அதன் பக்கத்தில் இருக்கும் சிறிய முட்டு, சீட்டின் பிராக்கெட்டில் இடித்து ஆர்ம்ரெஸ்ட்டை நிறுத்தும்.

நுனியைப் பிடித்து அசைத்துப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். இரு பக்கமும் சமமாக இறங்கினால் முட்டு தேய்ந்திருக்கிறது அல்லது உடைந்திருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் சரிந்தால் அந்தப் பக்கத்து போல்ட் தளர்ந்திருக்கும், அல்லது அதைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் குழாய் (புஷ்) போயிருக்கும். அடிப்பகுதி அசையாமல் நுனி மட்டும் முறுக்கிக்கொண்டால் சட்டத்திலேயே விரிசல். வழக்கமாக நடப்பது நடுவில் சொன்னதுதான். வெறும் தளர்வாக இருந்தால் ஒரு ஸ்பேனரோடு வேலை முடிந்தது. பசை, டிரில் எதையும் அதற்கு முன் எடுக்காதீர்கள்.

2. இதனால இன்ஸ்பெக்‌ஷன்ல ஃபெயில் ஆகுமா?

ஆர்ம்ரெஸ்ட்டுக்காக யாரும் காரைத் திருப்பி அனுப்ப மாட்டார்கள். பத்து வருடம் தாண்டிய கார் ஆண்டுதோறும் சோதனைக்குப் போகவேண்டும், அங்கே சீட் பெல்ட்டைப் பார்ப்பார்கள். எனவே ஆர்ம்ரெஸ்ட்டைக் கழட்டி மாட்டும்போது நடு பெல்ட்டின் பக்கிளை குஷனுக்கு அடியில் புதைத்துவிடாதீர்கள். இந்த வேலையில் அடிக்கடி நடக்கும் தவறு அதுதான்.

3. எப்படிக் கழட்டுறது? சீட்டையே எடுக்கணுமா?

காருக்குக் கார் மாறும். முதலில் ஆர்ம்ரெஸ்ட்டை இறக்கிவிட்டு, அது இருந்த குழிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பல கார்களில் அங்கே ஒரு கார்பெட் துண்டு வெல்க்ரோவாலோ பிளாஸ்டிக் கிளிப்பாலோ பிடித்திருக்கும். அதை விலக்கினால் போல்ட் தலை தெரியும். ஜப்பானிய, கொரிய கார்களில் 10 அல்லது 12 மி.மீ. சாக்கெட் போதும். ஐரோப்பிய கார்களில் நட்சத்திரத் தலை கொண்ட டார்க்ஸ் வரும். டி30, டி40, டி50 மூன்றும் கையில் இருக்கட்டும். சிலவற்றில் ஒரு பக்கம் போல்ட், மறுபக்கம் வெறும் பின். போல்ட்டை எடுத்துவிட்டு முழு ஆர்ம்ரெஸ்ட்டையும் அந்தப் பக்கமாகத் தள்ளினால் மறுபக்கத்துப் பின் துளையிலிருந்து வழுக்கிக்கொண்டு வெளியே வரும்.

குழியில் எதுவும் தெரியாவிட்டால் சீட்டை எடுத்துத்தான் ஆகவேண்டும். கீழ் குஷனின் முன் விளிம்பில், இரண்டு ஓரங்களிலும் உள்ள கிளிப்புக்கு நேராகக் கையை விட்டு நேர் மேலே இழுங்கள், ஒரு நேரத்தில் ஒரு பக்கம். முன்பக்கமாக இழுத்தால் கிளிப் உடையும். சில கார்களில் கிளிப்புக்குப் பதில் ஒரு போல்ட் இருக்கும். சாய்மானத்தின் அடியில் இருக்கும் போல்ட்டுகளைக் கழட்டி, அப்படியே மேலே தூக்கினால் பின்னால் உள்ள கொக்கிகளிலிருந்து விடுபடும். 60:40 எனப் பிரிந்து மடங்கும் சீட்டில் ஆர்ம்ரெஸ்ட் பெரிய பாதியோடுதான் சேர்ந்திருக்கும்.

கழட்டிய ஒவ்வொரு போல்ட்டையும் எந்த இடம் என்று எழுதிய சின்னப் பிளாஸ்டிக் பையில் போடுங்கள். நீளம் மாறி மாட்டினால் நீள போல்ட் உள்ளே எதையாவது குத்தும், குட்டை போல்ட் மரையைக் கொன்றுவிடும். கழட்டும் வேலையை மட்டும் காரில் செய்துவிட்டு, மீதியை வீட்டில் பழைய பேப்பர் விரித்துப் பாருங்கள். மாடி கார் பார்க்கில் கடை பரப்புவதற்கான வேலை அல்ல இது.

4. சாய்மானத்தை எடுக்கப் போனா மஞ்சள் கலர்ல ஒரு கனெக்டர் இருக்கு. கழட்டலாமா?

வேண்டாம், அப்படியே விட்டுவிடுங்கள். மஞ்சள் கனெக்டர் என்றால் ஏர்பேக் சம்பந்தப்பட்டது. சில கார்களின் பின்சீட் ஓரத்தில் ஏர்பேக் உண்டு. அதைப் பிரிக்காமல் ஆர்ம்ரெஸ்ட்டை எடுக்க வழியில்லை என்றால் அந்த ஒரு வேலையை வொர்க்‌ஷாப்பில் கொடுப்பதே சரி.

பெல்ட்டின் அடி போல்ட்டும் அப்படித்தான். வழியை மறைக்கிறது என்று கழட்டினால், மாட்டும்போது உங்கள் காரின் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள இறுக்கும் அளவுக்கு (டார்க்) டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்கவேண்டும். தொலைந்துபோனால் ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் எம்10, எம்12 போல்ட்டை அங்கே போடவே கூடாது. பெல்ட் போல்ட் பெரும்பாலும் 7/16 அங்குல நுண்மரை கொண்டது; மெட்ரிக் போல்ட் ஏறுவது போலத் தோன்றினாலும் பிடிப்பு இருக்காது.

5. சூப்பர் குளூ போட்டேன், ரெண்டு நாள்ல விட்டுடுச்சு. வேற நல்ல பசை எது?

எந்தப் பசை என்று கேட்பதற்கு முன் எந்தப் பிளாஸ்டிக் என்று பாருங்கள். உடைந்த துண்டின் உட்புறத்தில் இரண்டு அம்புக்குறிகளுக்கு நடுவே அச்சிட்டிருக்கும். பிபி (PP), ஏபிஎஸ் (ABS), பிஏ6 (PA6), பிஓஎம் (POM) என்பவைதான் பொதுவாக வருபவை. பிஏ என்றால் நைலான்; கூடவே ஜிஎஃப்30 (GF30) என்று இருந்தால் 30 விழுக்காடு கண்ணாடி இழை கலந்தது. முத்திரை இல்லாவிட்டால், பஞ்சுக் குச்சியை அசிட்டோனில் நனைத்து மறைவான இடத்தில் தேயுங்கள். பரப்பு இளகி ஒட்டினால் ஏபிஎஸ். தண்ணீரில் மிதந்தால் பிபி என்று சொல்வார்கள். ஆனால் டால்க் கலந்த பிபி மூழ்கிவிடும், அதனால் மிதக்கவில்லை என்பதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள்.

ஏபிஎஸ் நல்ல பிள்ளை. 120 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, மெதுவாக இறுகும் இரட்டைக் குழாய் எபாக்ஸியை ஃபைபர்கிளாஸ் வலைத்துண்டோடு பூசி 24 மணி நேரம் தொடாமல் வையுங்கள். ஐந்து நிமிட எபாக்ஸி வேண்டாம். நம்ம ஊர் வெயிலில் திறந்த கார் பார்க்கில் நின்ற காருக்குள், வெயில் நேராக விழும் பரப்பு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அவசர எபாக்ஸி அந்தச் சூட்டில் இளகிவிடும். பிபியும் பிஓஎம்மும் சாதாரணப் பசை எதையும் பிடிக்காது. உங்கள் சூப்பர் குளூ விட்டதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். ஏபிஎஸ் ஆகவே இருந்தாலும், சூப்பர் குளூ இறுகியபின் கண்ணாடி மாதிரி நொறுங்கும் குணம் கொண்டது. முழங்கை ஊன்றும் இடத்துக்கு அது லாயக்கில்லை.

6. பிபின்னு போட்டிருக்கு, பிராக்கெட்டுல நீளமா விரிசல். அப்ப தூக்கிப் போட வேண்டியதுதானா?

இல்லை. பசையை மறந்துவிட்டுத் தகடு வைத்து ரிவெட் அடியுங்கள். விரிசல் முடியும் புள்ளியைக் கண்டுபிடித்து அங்கே 2.5 மி.மீ. துளை போடவேண்டும். இதைச் செய்யாவிட்டால் மேலே எவ்வளவு பலமாகக் கட்டினாலும் அடியில் விரிசல் ஓடிக்கொண்டே இருக்கும். பிறகு 2 மி.மீ. அலுமினியத் தகட்டை, விரிசலின் இரு பக்கமும் குறைந்தது 25 மி.மீ. படியும்படி வெட்டி, வளைவுக்கு ஏற்றபடி தட்டி வளையுங்கள்.

ரிவெட் அடிக்கும் முன்னால் தகட்டை மாஸ்கிங் டேப்பால் ஒட்டி, ஆர்ம்ரெஸ்ட்டைக் காரில் வைத்து ஒருமுறை முழுதாக மடக்கிப் பாருங்கள். அந்த 2 மி.மீ. தடிமனே குழிக்குள் இடிக்கும் கார்கள் உண்டு. அப்படியானால் தகட்டை மறுபக்கம் மாற்றவேண்டும். சரியாக இருந்தால் 4 மி.மீ. பாப் ரிவெட், 4.1 மி.மீ. துளை, விரிசலுக்கு இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு. துளையின் மையம் விளிம்பிலிருந்து 8 மி.மீ. உள்ளே தள்ளி இருக்கட்டும். பிளாஸ்டிக் பக்கத்தில் வாஷர் கட்டாயம், இல்லையென்றால் ரிவெட் இறுகும்போதே பிளாஸ்டிக்கைப் பிய்த்துக்கொண்டு வெளியே வரும். தகட்டின் மூலைகளை அரத்தால் மழுக்கிவிடுங்கள், மேலுறையைக் கிழிக்காமல் இருக்க.

ஆன்லைனில் சூடான ஸ்டேப்ளர் என்று ஒரு கருவி கிடைக்கிறது. அலை வடிவ ஸ்டீல் கம்பியைச் சூடாக்கிப் பிளாஸ்டிக்குள் புதைக்கும். 3 மி.மீ.க்கு மேல் தடிப்பான பிபிக்கு அது நன்றாக உதவும், அதைவிட மெல்லியதில் மறுபக்கம் எட்டிப் பார்க்கும். புகை மோசம், ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். உடைந்தது இரும்புப் பிராக்கெட்டின் வெல்டிங் என்றால், ஸ்பாஞ்சையும் உறையையும் முழுதாக உரித்துவிட்டு வெறும் இரும்பை மட்டும் வெல்டரிடம் கொடுங்கள். ஸ்பாஞ்ச் தீப்பிடிக்க ஒரு பொறி போதும்.

7. விரிசல் ஒன்னும் இல்ல, ஆனா போல்ட் போற ஓட்டை முட்டை வடிவமா ஆயி லொடலொடன்னு ஆடுது.

புஷ் இல்லாமல் இரும்பு போல்ட் நேரடியாகப் பிளாஸ்டிக்கை அறுத்திருக்கிறது. 8 மி.மீ. போல்ட்டாக இருந்தால் துளையை 10 மி.மீ. ஆக்கி, 8 மி.மீ. உள்விட்டமும் 10 மி.மீ. வெளிவிட்டமும் கொண்ட, ஒரு முனையில் விளிம்பு வைத்த நைலான் அல்லது வெண்கல புஷ்ஷைச் செருகுங்கள். ஓட்டை ஏற்கெனவே 10 மி.மீ.யைத் தாண்டிவிட்டால், கேள்வி 6-இல் சொன்ன தகட்டையே வைத்து அதில் புதுத் துளை போட்டு புஷ்ஷை அங்கே உட்கார வையுங்கள்.

போல்ட் வாங்கும்போது கவனம். ஜாலான் புசார் பக்கத்து ஹார்ட்வேர் கடையானாலும் சரி, புளோக் கீழே இருக்கும் கடையானாலும் சரி, சட்டென்று எடுத்துத் தருவது தலை முதல் நுனி வரை மரை உள்ள போல்ட்டாகத்தான் இருக்கும். அந்த மரை ரம்பம் போல புஷ்ஷைத் தின்றுவிடும். புஷ்ஷுக்குள் வரும் பகுதி வழவழவென்றும் மீதி மரையாகவும் உள்ள பாதி மரை போல்ட் என்று கேட்டு, வழவழப்பான பகுதியின் நீளத்தை அளந்து வாங்குங்கள். நட்டு நைலான் வளையம் உள்ளதாக இருக்கட்டும், தானாகத் தளராது.

சீட்டு பக்கம் வெல்டிங் செய்த நட்டில் மரை போயிருந்தால் ரிவ்நட் (ரிவெட் மாதிரி துளையில் இறுக்கி உட்கார வைக்கும் நட்டு) போடலாம். எம்6-க்கு 9 மி.மீ. துளை, எம்8-க்கு 11 மி.மீ. துளை.

8. மேலே மடக்கி வச்சா நிக்க மாட்டேங்குது. பிரேக் பிடிச்சா டமால்னு விழுது.

அதைப் பிடித்து வைப்பது பெரும்பாலும் உராய்வுதான். போல்ட்டின் பக்கத்தில் இருந்த அலை வாஷர் தட்டையாகிவிட்டது, அல்லது முந்தைய மெக்கானிக் அதை மாட்ட மறந்துவிட்டார். புது அலை வாஷர் ஒன்றையும் அதை அடுத்து 1 மி.மீ. நைலான் வாஷர் ஒன்றையும் போட்டு, ஆர்ம்ரெஸ்ட் எந்தக் கோணத்தில் விட்டாலும் மெதுவாக இறங்கும் அளவுக்கு நட்டை இறுக்குங்கள். அந்த வாஷருக்கு எண்ணெய் விடக்கூடாது. விட்டால் உராய்வு போய் மறுபடி இதே கேள்விக்கு வந்துவிடுவீர்கள்.

சில கார்களில் குழியின் பக்கச் சுவர் ஸ்பாஞ்ச்தான் இறுக்கிப் பிடிக்கும். அது சுருங்கியிருந்தால் மறைவாக 25 மி.மீ. அகல வெல்க்ரோ ஒட்டுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

9. கப் ஹோல்டர் அழுத்தினா திறக்கவே இல்ல. ஸ்பிரிங் போயிடுச்சா?

ஸ்பிரிங்கைச் சந்தேகிக்கும் முன் தே தாரிக் டீயைச் சந்தேகியுங்கள். சிந்திய டின்பால் பல்சக்கரத்தின் பற்களுக்கு நடுவே காய்ந்து, பழுப்பு நிறப் பிசின் மாதிரி கெட்டியாகிவிடும். கப் ஹோல்டரை இரண்டு அல்லது நான்கு ஸ்குரூ பிடித்திருக்கும், இல்லையென்றால் வெறும் கிளிப். இரும்புத் திருப்புளியால் நெம்பாமல் பிளாஸ்டிக் நெம்புகோலால் தூக்குங்கள். வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் சோப்புக் கரைத்து அரை மணி நேரம் ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்தால் பெரும்பாலும் உயிர் வந்துவிடும்.

ஊறவைக்கும் முன் ஒரு காசு அளவிலான வட்ட டாம்பரைக் கழட்டி வைத்துவிடுங்கள். மூடி மெதுவாகத் திறப்பதற்குக் காரணம் அதற்குள் இருக்கும் கெட்டியான சிலிக்கான் எண்ணெய்தான். அதைப் பிரித்தால் திரும்பச் சேராது. காய்ந்தபின் பற்களில் சிலிக்கான் கிரீஸ் துளியளவு. டபிள்யூடி-40 அடித்தால் அன்றைக்கு ஓடும், பிறகு தூசியைச் சேர்த்து மறுபடி இறுகும்.

10. இழுத்து இறக்குற பட்டை அறுந்துடுச்சு, அதுக்கு மட்டும் என்ன பண்ணலாம்?

25 மி.மீ. நைலான் பட்டை வாங்கி, வெட்டிய முனைகளை லைட்டரால் சுட்டு மூடி, பழைய பட்டை சட்டத்தில் மாட்டியிருந்த இடம் வரை உள்ளே கொண்டுபோய்ப் பிணையுங்கள். உறைமேல் மட்டும் தைத்தால் உறை கிழியும்.

11. அண்ணே, ரெக்சின் செதில் செதிலா உரியுது, உள்ளே ஸ்பாஞ்ச் மாவா கொட்டுது. கெமிக்கல் ஏதாவது தடவினா சரியாகுமா?

ஆகாது. உரிவது பியூ (பாலியூரித்தேன்) பூச்சுள்ள செயற்கைத் தோல். காற்றின் ஈரம் அந்தப் பூச்சின் வேதிக் கட்டையே உடைக்கிறது. சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும் சிங்கப்பூரில், நிழலில் நிறுத்திய காரிலும் இது நடக்கும். மேலே சாயம் பூசினால் அடுத்த செதிலோடு சாயமும் உதிரும். பிவிசி ரெக்சின் இப்படி உரியாது, ஆனால் வருடங்கள் போகப்போக விறைத்து வெடிக்கும். அசல் தோலில் மேல்வெடிப்பு மட்டும் இருந்தால் தோலுக்கான ஃபில்லரும் சாயமும் வேலை செய்யும்.

மாற்றும்போது கன மீட்டருக்கு 35 முதல் 45 கிலோ அடர்த்தியுள்ள ஸ்பாஞ்ச் கேளுங்கள். பழையது அடியில் உறுதியாக இருந்தால் மேலே பொடிந்ததை மட்டும் சீவி எடுத்துவிட்டு 10 மி.மீ. அடுக்கு ஒட்டினால் போதும். ஒட்டுவதற்குச் சூடு தாங்கும் காண்டாக்ட் பசையை இரு பக்கமும் பூசி, விரலில் ஒட்டாத பதம் வந்தபின் சேர்க்கவேண்டும். ஈரமாக இருக்கும்போதே சேர்த்தால் வெயிலில் குமிழ் விடும்.

12. உறையை வீட்டு மெஷின்லயே தைக்கலாம்னு இருக்கேன். எவ்வளவு துணி வேணும்?

137 செ.மீ. அகலத்தில் அரை மீட்டர் தாராளம். 1 முதல் 1.2 மி.மீ. தடிமன், பின்பக்கம் இழுபடும் துணி உள்ள பிவிசி ரெக்சினாகப் பாருங்கள். பழைய உறையின் தையலைப் பிரித்து, துண்டுகளைத் தட்டையாக்கி, எது எதோடு சேர்கிறது என்று ஓரத்தில் கோடு போட்டபின்தான் வெட்டவேண்டும். தையலுக்கு 10 மி.மீ. விடுங்கள். 69 நம்பர் நைலான் நூல், 16 அல்லது 18 நம்பர் ஊசி, தையல் நீளம் 4 மி.மீ. நெருக்கித் தைத்தால் அஞ்சல்தலை ஓரம் மாதிரி அந்தக் கோட்டிலேயே கிழியும்.

வீட்டு மெஷின் இரண்டு மடிப்பைத் தைக்கும், மூலையில் நான்கு மடிப்பு சேரும்போது திணறும். அந்த இடத்தில் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். உறையை ஏற்றும் முன் ஹேர் டிரையரால் சூடு காட்டினால் நன்றாக இழுபடும். பழைய உறையைப் பிடித்திருந்த உலோக வளையங்களுக்குப் பதில் 2.5 மி.மீ. கேபிள் டை போதும். இதெல்லாம் வேண்டாம் என்றால், ஆர்ம்ரெஸ்ட்டை மட்டும் கழட்டிக்கொண்டு காக்கி புக்கிட், ஊபி, சின் மிங் பக்கத்துக் குஷன் கடைக்குப் போங்கள். காரை விட்டுவிட்டு வரவேண்டியதில்லை, கழட்டி மாட்டும் கூலியும் மிச்சம்.

13. முழு ஆர்ம்ரெஸ்ட்டே பழசுல வாங்கலாமா? ஜோகூர் போனா கிடைக்குமா?

கிடைக்கும், நல்ல வழியும்கூட. இங்கே பதிவு நீக்கிய காரை ஒரு மாதத்துக்குள் அழிக்கவோ ஏற்றுமதி செய்யவோ வேண்டும், அதனால் உங்கள் மாடல் எப்போதும் கடையில் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. எல்லைக்கு அந்தப் பக்கம், மலேசியாவின் ஜோகூரில் உள்ள ஹாஃப் கட் (பாதியாக வெட்டிய பழைய கார்களின் பாகங்கள் விற்கும்) கடைகளில் தேடலாம். மாடல் பெயரை மட்டும் சொல்லாதீர்கள். சேசிஸ் குறியீடும், உட்புற நிறத்துக்கான டிரிம் குறியீடும் கதவுத் தூணிலோ எஞ்சின் அறையிலோ ஒட்டியிருக்கும் தகட்டில் இருக்கும். அதைப் படம் எடுத்துப் போங்கள். கிளம்பும்போது பெட்ரோல் டேங்க் முக்கால் நிரம்பியிருக்கவேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. 48 மணி நேரத்துக்குள் திரும்பினால் 100 வெள்ளிக்கு மேற்பட்ட மதிப்புக்கு ஜிஎஸ்டி உண்டு.

ஆன்லைனில் வெளிநாட்டிலிருந்து வாங்குபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். இடப்பக்க ஸ்டியரிங் நாடுகளில் 60:40 சீட் சில மாடல்களில் கண்ணாடி பிம்பமாகத் திரும்பியிருக்கும். பின் எந்தப் பக்கம், போல்ட் எந்தப் பக்கம் என்று படம் கேட்டு, உங்களுடையதோடு ஒப்பிடாமல் பணம் கட்டாதீர்கள்.

14. சிஓஇ முடிய எட்டு மாசம்தான் இருக்கு. இதுக்குச் செலவு பண்றது வீண்தானே?

காரை ஸ்கிராப்புக்கு விடுவதாக இருந்தால் ஆமாம். பார்ஃப் தள்ளுபடி (காரைப் பதிவு நீக்கும்போது திரும்பக் கிடைக்கும் தொகை) கிடைக்கும் காரானாலும், அதைக் கணக்கிடுவது ஏஆர்எஃப் (கூடுதல் பதிவுக் கட்டணம்) தொகையையும் காரின் வயதையும் வைத்து. உள்ளே சீட் எப்படி இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. கேள்வி 7, 8, 10-இல் சொன்ன சில்லறை வேலைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சிஓஇயைப் பத்து வருடத்துக்குப் புதுப்பிக்கப் போகிறீர்கள் என்றால் உறை வரை மாற்றுவதில் அர்த்தம் உண்டு.

15. பசங்க அது மேலதான் உக்காருவேன்னு அடம் பிடிக்கிறாங்க. பலமா செஞ்சுட்டா உக்கார வைக்கலாமா?

கூடாது. எவ்வளவு தகடு வைத்தாலும் அது முழங்கையைத் தாங்கச் செய்த பொருள். நுனியில் உட்காரும் 20 கிலோ பிள்ளையின் எடை முழுவதும் நெம்புகோல் கணக்கில் அந்த இரண்டு பின்களில் போய் இறங்கும். பல ஆர்ம்ரெஸ்ட்டுகள் உடைவதும் இப்படித்தான். 1.35 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ளவர்களுக்குத் தகுந்த குழந்தை இருக்கை இங்கே சட்டப்படி கட்டாயம். அதை நடுவில் வைக்க நினைத்தால், ஆர்ம்ரெஸ்ட் உள்ள நடு இடத்தில் வைக்கலாமா என்று காரின் கையேட்டில் பார்த்துவிட்டு வையுங்கள். வேண்டாம் என்று சொல்லும் மாடல்கள் உண்டு.

16. பாகம் கிடைக்கிற வரை கழட்டி வச்சுட்டு ஓட்டலாமா?

குழிக்குப் பின்னால் கெட்டியான சுவர் இருந்தால் தாராளமாக ஓட்டலாம். பின்னால் உள்ள சாமான் அறைக்கு (பூட்) திறக்கும் சிறு கதவு உள்ள காரானால் அதன் தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்று பாருங்கள். பல மாடல்களில் ஆர்ம்ரெஸ்ட்தான் அந்தக் கதவை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கும். தாழ்ப்பாள் இல்லையென்றால் 6 மி.மீ. பிளைவுட் துண்டை அளவாக வெட்டி, சாமான் அறையின் பக்கத்திலிருந்து வைத்து, அருகிலுள்ள இரும்புச் சட்டத்தோடு கேபிள் டையால் கட்டுங்கள். இல்லாவிட்டால் பிரேக் பிடிக்கும்போது சாமான் அறையில் கிடக்கும் ஜாக் கைப்பிடி அந்த வழியாகச் சீட்டுக்குள் வந்துவிடும். கழட்டிய போல்ட்டுகளைப் பையோடு குளோவ் பாக்ஸிலேயே போட்டு வையுங்கள், புதுப் பாகம் வரும்போது தேடாமல் இருக்கலாம்.